பொருளா, கையா

தெரு செத்துக் கிடந்த காலத்திலும் தன் ஓட்டலின் விளக்கு ஒரு நாளும் அணையவில்லை என்பதை மூத்தவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. தன் பெருமையைத் தானே பேசுகிறவன் பாதியாகச் சிறுத்துப்போகிறான் என்பது அவர் கொள்கை. சொல்லாவிட்டால் என்ன, ஊருக்குத்தான் தெரியுமே.

புறவழிச் சாலையில் பெரிய மால் வந்தது. பேருந்து நிலையத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகரத்தின் நடுத்தெரு நாதியற்றுப் போனது. துணிக்கடைகளின் ஷட்டர்கள் துருப்பிடித்தன. சினிமாக் கொட்டகைக்குள் புறாக்கள் குடித்தனம் நடத்தின. வங்கிக் கட்டடத்தின் தூண்களுக்கு நடுவே நாய் குட்டி போட்டது. அப்போதும் மூத்தவர் காலையில் வந்து கதவைத் திறப்பார், மேசைகளைத் துடைக்கச் சொல்லுவார், கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். கோர்ட்டு குமாஸ்தாக்களும் ஆஸ்பத்திரி நர்சுகளும் லாரிக்காரர்களும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். சில நாள் யாருமே வரமாட்டார்கள். அன்றைக்கும் அவர் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

பிறகு நகராட்சியில் யாருக்கோ ஞானம் பிறந்தது. நடுத்தெருவில் வண்டிகள் வரக்கூடாது என்றார்கள். தாரைச் சுரண்டிவிட்டுக் கல் பாவினார்கள். குளிக்கிற தொட்டி அளவுக்குச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி மரம் நட்டார்கள். சுவர்களைத் தேய்த்துக் கழுவினார்கள். பல் போன வாயில் கட்டுப்பல் வைத்த மாதிரி தெரு திடீரென்று சிரிக்க ஆரம்பித்தது. சிரிப்பைப் பார்த்ததும் பசியும் வந்தது. அச்சகம் ரொட்டிக்கடை ஆயிற்று. கொட்டகைக்குள் புறாக்களை விரட்டிவிட்டு வரிசையாகச் சமையல்கட்டுகள் கட்டினார்கள். வங்கியை ஒரு அம்மாள் வாடகைக்குப் பிடித்து, பெட்டக அறைக்குள் மேசை போட்டு ஓட்டல் நடத்தினார். அன்று முதல் அவருக்கு வங்கிக்காரம்மா என்றே பெயர்.

புதுக்கடைகளில் வண்டிச் சக்கரம் அளவுத் தட்டில் தேள் கொட்டின வீக்கம் அளவுக்குச் சாப்பாடு வைத்தார்கள். அதைப் படம் பிடிப்பதற்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மூத்தவர் கல்லாவிலிருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். வந்தவன் போவான், இருப்பவன் இருப்பான் என்று இருந்தார்.

சேதம் வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

அந்த ஓட்டலில் கூடமும் கல்லாவும் மூத்தவருடையவை; அடுப்படி தம்பியுடையது. அப்பா பிரித்துக் கொடுத்த பாகம் அது. ஒரு நாள் தம்பி, அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள சுவரை இடித்துவிட்டுக் கண்ணாடி வைக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். சமைப்பதையும் குளிப்பதையும் நாலு பேர் பார்க்கச் செய்யக்கூடாது என்று மூத்தவர் சொன்னார். தம்பி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு பேச்சு அறுந்தது. அடுத்த மாதம் அவன் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கல்லா மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினான். மூத்தவர் கூலிக்கு ஒரு சமையல்காரரை வைத்துக்கொண்டார்.

தெருக்கோடியில் தையல் நிலையம் இருந்த இடத்தில் தம்பி சொந்த ஓட்டலுக்கு வேலை ஆரம்பித்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோதும் மூத்தவர் பொறுத்துக்கொண்டார். பறவை கூடு விட்டுப் போவது புதிதில்லை. ஆனால் பெயர்ப்பலகை ஏறியதே, அதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. பலகையில் இருந்தது குடும்பப் பெயர். அப்பாவின் கடை வாசலில் தொங்கிய அதே பெயர்.

ஒரு பெயருக்கு ஒரு வாசல்தான். இரண்டு வாசலில் தொங்குகிற பெயர் பெயரே இல்லை, வெறும் விளம்பரம். இதுதான் மூத்தவரின் கட்சி. வக்கீலிடம் போனார். பெயர் இரண்டு பிள்ளைகளுக்கும் பொது என்று அப்பாவே எழுதிவைத்திருக்கிறார், சட்டத்தில் வழியில்லை, அண்ணன் தம்பி பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

சட்டத்தில் வழியில்லாவிட்டால் என்ன? அந்த வீட்டுக்கென்று ஒரு சட்டம் இருந்தது.

சாப்பிட வந்தவர் தட்டைத் திருப்பி அனுப்பினால், அதைச் சமைத்த கை எதுவோ அதுவே கூடத்துக்கு வர வேண்டும். திருப்பியவர் முன்னால் நின்றபடி அதில் பாதியைத் தின்ன வேண்டும். குறை தெரிந்தால் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். குறை இல்லை என்று சமைத்தவர் சொன்னால், மீதிப் பாதியைத் திருப்பியவர் தின்றுவிட்டுக் குறையைச் சொல்ல வேண்டும். தின்றுவிட்டுச் சொல்லுகிறவர் பொய் சொல்ல மாட்டார். அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. அவர் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்: குறை பொருளிலா, கையிலா? பொருள் என்றால் மன்னிப்பு உண்டு; கறி கொடுத்தவன் தப்பு, காய் விற்றவன் தப்பு. கை என்றால், குடும்பத்தில் மூத்தவர் அழைக்கும்வரை அந்தக் கை அடுப்பைத் தொடக்கூடாது.

கடை திறக்கிற முதல் நாளில் கையில் குறை வந்துவிட்டாலோ, அந்த வாசலுக்குப் பெயரே கிடையாது. அப்பாவின் தம்பி ஒருவர் ரயில் நிலையத்தருகே கிளை திறந்தார். அன்று மதியமே ஒரு தட்டு திரும்பியது. பொழுது சாய்வதற்குள் அப்பா ஏணி கொண்டுபோய்த் தன் கையாலேயே பலகையை இறக்கினார். அந்தச் சித்தப்பா பிறகு வேறு ஊரில் யார் கடையிலோ காய் நறுக்கிப் பிழைத்துச் செத்தார். செய்தி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கை கழுவி எழுந்துவிடாமல் சாப்பிட்டு முடித்தார். குடும்பம் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று மூத்தவர் இன்றும் நினைக்கிறார்.

திறப்பு விழாவுக்கு அழைக்கத் தம்பி நேரில் வந்தான். அப்பாவின் கடைசித் தங்கையான அத்தையையும் கூட அழைத்து வந்திருந்தான். அத்தைக்குக் காது மந்தம், நாக்கு மந்தமில்லை. அந்த வீட்டில் தட்டு வழக்குகளை இப்போது கேட்கிறவர் அவர்தான்.

"அண்ணா, நீங்க வந்து முதல் தட்டு சாப்பிடணும். நீங்க வராம அடுப்பு பத்த வச்சா அது எனக்கு அடுப்பே இல்ல" என்று தம்பி சொன்னான்.

மூத்தவர் உடனே வருகிறேன் என்றார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அத்தை மட்டும் வாசற்படியில் நின்று மூத்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவனே, நீ இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொன்னா எனக்கு நம்பிக்கை வரல" என்றார்.

மூத்தவருக்கு ஒரே மகள். தாய் இல்லாதவள். சிறு பெண்ணாக இருந்தபோது பள்ளி விட்டதும் ஓட்டல் அடுப்படிக்குத்தான் ஓடுவாள். சித்தப்பாவின் காலடியிலேயே நின்றுகொண்டிருப்பாள். வளர்ந்த பிறகு ஒரு நாள், அடுப்பில் நிற்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டாள். நம் வீட்டுப் பெண் வீட்டுக்குச் சமைப்பாள், ஊருக்குச் சமைக்க மாட்டாள் என்று அவர் சொன்னார். அவள் மறுபடி கேட்கவில்லை. வீட்டில் ருசியாகச் சமைத்துப் போட்டாள். கொஞ்ச காலமாக நகராட்சி அலுவலகத்தில் வேலை என்று சொல்லிக் காலையில் பையோடு கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள். மூத்தவர் விசாரிக்கவில்லை. தன் மகள் தன்னிடம் பொய் சொல்லுவாள் என்பது அவர் புத்திக்கு எட்டாத விஷயம்.

திறப்பு நாளன்று மதியம் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனார். வாசலில் பழைய தையல் மெஷின் ஒன்றைத் துடைத்து வைத்து அதன்மேல் பூச்சட்டி வைத்திருந்தார்கள். அதில் தைத்தவன் எங்கே போனானோ தெரியாது. மெஷின் மட்டும் பூ சுமந்து நின்றது. உள்ளே உறவுக்காரர்கள் ஒரு பக்கம், ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு பக்கம். பக்கத்து மேசையில் வங்கிக்காரம்மா. சமையல்கட்டுக்குக் கண்ணாடிச் சுவர். ஆவி படிந்து வெறும் வெள்ளைத் தொப்பிகள் மட்டும் நகர்வது தெரிந்தது. மூத்தவர் அந்தப் பக்கம் கூர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

பரிமாறுகிற பையன் மூக்கில் வளையம் போட்டிருந்தான். ஒவ்வொரு பதார்த்தத்தையும் பற்றிப் பிரசங்கம் செய்தான். ஆடு எந்த மேட்டில் மேய்ந்தது, என்ன புல் தின்றது என்பதுவரை சொன்னான்.

"நாம என்ன ஆட்டுக்குச் சம்பந்தம் பேசவா வந்திருக்கோம்?" என்று அத்தை கேட்டார். மேசை முழுக்கச் சிரித்தது.

மூத்தவர் ஆட்டுத்தொடை கேட்டார். மெல்லிய தீயில் அரை நாள் வேகவைத்து எடுக்கிற கறி, அப்பாவின் கைப்பாகம், குடும்பத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். அதைத் தம்பி இன்னொரு கைக்கு விடமாட்டான் என்று அவருக்குத் தெரியும். அதுவும் திறப்பு நாளில் அண்ணனுக்குப் போகிற முதல் தட்டை கடை திறக்கிறவன்தான் சமைக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். புதுக் கடைகளில் கறிக்கு ஒரு கை, மீனுக்கு ஒரு கை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள் என்பதை அவர் கேள்விப்பட்டிருந்தார். தம்பியும் அப்படிச் செய்வான் என்று நினைக்கவில்லை.

பொய் சொல்லுவதற்காக அவர் போகவில்லை. அதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குறை இருக்கும் என்று நம்பித்தான் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஆட்டம் போட்டுக்கொண்டு சமைக்கிற இடத்தில் குறை இல்லாமல் எப்படி இருக்கும்?

தட்டு வந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். வைத்ததும் கழுத்தடியில் வியர்த்தது. கறி எலும்பை விட்டு விலகியிருந்தது, ஆனால் குழையவில்லை. மிளகு முதலில் வந்து வழிவிட்டு ஒதுங்கி நின்றது. பின்னால் நெய்யும் உப்பும் சத்தமில்லாமல் வந்தன. அப்பா நல்ல நாளில் செய்தது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். உடனே, இல்லை, அப்பா செய்ததும் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்று அவருடைய நாக்கு சொன்னது. நாக்கு சொன்னதை அவர் மறுக்கவில்லை. அதனால்தான் பயம் வந்தது. இந்த ருசியும் அந்தப் பெயரும் ஒரே வாசலில் இருந்துவிட்டால் ஊர் எதை வீடு என்று சொல்லும், எதைக் கிளை என்று சொல்லும்?

அவர் புறங்கையால் தட்டைத் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ. சமைச்சவங்கள வரச் சொல்லு."

பையனுக்கு விளங்கவில்லை. வேறு ஏதாவது கொண்டுவரட்டுமா என்று கேட்டான். உறவுக்காரர்களுக்கு விளங்கிவிட்டது. மேசை மேசையாகப் பேச்சு அடங்கியது. தம்பி உள்ளேயிருந்து ஓடி வந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். எல்லாம் புரிந்து முகம் சாம்பலாயிற்று.

"அண்ணா, இன்னிக்கு வேண்டாம். உங்க கால்ல விழறேன். என்ன வேணும்னாலும் நாளைக்குப் பேசிக்கலாம்."

"வழக்கம் நாளைக்கு வராது. சமைச்சது யாரு?"

தம்பி கண்ணாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். "நான்தான்" என்றான். சொல்லும்போதே அவனுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறந்தது.

"சித்தப்பா, நீங்க விலகுங்க. சமைச்சது நான்."

வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றது அவர் மகள்.

மூத்தவருக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. நகராட்சி, காலைப் பை, மாலையில் அவள் தலையில் லேசாக வீசிய மிளகு வாசனை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அவர்முன் நின்றன. அவள் தலை குனியவில்லை. அழவில்லை. அவரை அப்பா என்றும் கூப்பிடவில்லை.

"ஐயா, தட்டு திரும்பி வந்துச்சுன்னு சொன்னாங்க" என்றாள்.

தட்டைக் கையில் எடுத்தாள். சரியாகப் பாதியைக் கரண்டியால் பிரித்தாள். நின்றபடியே, அவசரமில்லாமல், அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றாள். பாதி முடிந்ததும் தட்டை அவர்முன் வைத்தாள்.

"எனக்குக் குறை தெரியல. நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க."

இவ்வளவு நிமிர்ந்து நிற்கிற பெண்ணைத் தான் பெற்றிருக்கிறோம் என்ற பெருமை அப்போது அவருக்குள் பொங்கியது உண்மை. அது வேறு, இது வேறு. மீதிப் பாதியை அவர் சாப்பிட்டார். ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டார். பக்கத்து மேசையிலிருந்த வங்கிக்காரம்மா அந்தத் தட்டு பளிச்சென்று காலியானதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும்தான் பார்த்தார்கள்.

அத்தை மேசைமேல் கையூன்றி எழுந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"பெரியவனே, யோசிச்சுச் சொல்லு. பொருளா, கையா?"

அத்தை கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் கேட்டார். பொருள் என்று சொன்னால் போதும். கறிக்கடைக்காரனைத் திட்டிவிட்டு எல்லாரும் அடுத்த பதார்த்தத்துக்குப் போய்விடுவார்கள். மகள் தன் அடுப்புக்குப் போய்விடுவாள். ஆனால் பொருளில் குறை என்றால் பலகை இறங்காது. தம்பி கைகூப்பி நின்றான். அவனும் பலகையை மறந்துவிட்டு அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூத்தவர் வாயைத் துடைத்தார். துணியை மடித்து வைத்தார்.

"கை" என்றார்.

அத்தைக்குக் காதில் விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார். என்ன என்று மறுபடி கேட்டார்.

"கைதான் அத்தை. பொறுமை இல்லாத கை. இந்தக் கறிக்கு ஆகாது."

மகள் ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். மடித்து, சித்தப்பா கையில் கொடுத்தாள். அத்தை உட்கார்ந்துவிட்டார்.

"உங்கப்பன் தேவலடா. அவன் தம்பியத்தான் வெட்டினான்" என்றார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பலகை இறங்கியது. தம்பியே இறக்கினான். எதிர்த்து வாதாடியிருக்கலாம், வக்கீலும் அவன் பக்கம்தான் பேசியிருப்பார். ஆனால் அவனும் அந்த வீட்டில் பிறந்தவன். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி விஷயத்தில் எதிர்க்கத் தெரியாது. ஒரு வாரம் வெறும் வாசலோடு கடை நடத்தினான். பிறகு ‘ஊசி’ என்று ஒரு சின்னப் பலகை மாட்டினான். கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. நடந்த கதை தெருவெல்லாம் பரவி, எந்த மேசையில் நடந்தது என்று கேட்டு அந்த மேசையிலேயே உட்கார ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பழைய பெயர் என்ன என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மூத்தவருக்கு வேண்டியது கிடைத்தது. ஒரு பெயர், ஒரு வாசல். கல்லாவில் முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தம்பி வீட்டுக்கு வந்து அண்ணன் மகளைக் கெஞ்சினான். இப்போது அது வேறு பெயர்க் கடை, அந்தச் சட்டம் அங்கே செல்லாது, வா என்றான். மூத்தவர் உள்ளறையில் இருந்தது தெரிந்தே குரலை உயர்த்திச் சொன்னான்.

"கடைக்குத்தான் பேரு மாறிச்சு சித்தப்பா. எனக்கு மாறல" என்று அவள் சொன்னாள்.

மூத்தவர் அழைக்கும்வரை தொடக்கூடாது என்பது சட்டம். அதை அவள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டாள். கடை அடுப்பு என்றோ வீட்டு அடுப்பு என்றோ சட்டத்தில் பிரிக்கவில்லை. அதனால் வீட்டு அடுப்பையும் தொடவில்லை. வீடு பெருக்கினாள், துணி துவைத்தாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். அடுப்பு மட்டும் குளிர்ந்து கிடந்தது. மூத்தவர் தன் ஓட்டலிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவந்தார். கூலிச் சமையல்காரர் கை, உப்புச் சப்பில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பேசாமல் சாப்பிட்டார்கள். அவள் ஒரு தடவை கேட்டால் அழைத்துவிடலாம் என்று அவர் நினைத்தார். கேட்காமலே அழைப்பது என்றால், அன்று சொன்னது பொய் என்று ஊர் பேசும். அவள் கேட்கவில்லை. அவர் அழைக்கவில்லை.

ஒரு நாள் காலை வங்கிக்காரம்மா வீட்டுக்கு வந்தார். உட்காரவைத்துவிட்டு, வந்தவருக்கு ஒரு வாய் தேநீர் கொடுக்க மூத்தவரே அடுப்புப் பற்றவைக்க வேண்டியிருந்தது. மகள் அடுப்படி வாசலில் நின்று, தேயிலை டப்பா எங்கே இருக்கிறது என்பதை மட்டும் காட்டினாள். அவர் போட்ட தேநீரை வங்கிக்காரம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கவில்லை.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உங்க பொண்ணு எனக்கு வேணும். என் கடை அடுப்பு மொத்தமும் அவ பொறுப்புல விடறேன். அவளக் கேட்டா, அப்பா கூப்பிடணும்னு சொல்றா. எனக்கு இதெல்லாம் புரியாது. நான் அன்னிக்குப் பக்கத்து மேசைல இருந்தேன். நீங்க தட்டத் தொடச்ச மாதிரி என் கடைல இதுவரைக்கும் ஒருத்தரும் தொடச்சதில்ல."

மூத்தவர் அவர் கீழே வைத்த தேநீர் டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"உங்கள யாரும் மன்னிப்புக் கேக்கச் சொல்லல. அவளப் பாத்து ‘போம்மா’ன்னு சொல்லுங்க. மூணே எழுத்து. நான் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கட்டும்."

இப்போது உறவுக்கூட்டம் இல்லை. அத்தை இல்லை. பெயருக்கும் ஆபத்தில்லை, தம்பி வாசலில் ‘ஊசி’ தொங்குகிறது. மூத்தவர் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் கதவு நிலையில் சாயாமல் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் தெரிந்தால் போதும் என்று அவர் காத்திருந்தார். அந்தக் கண் காய்ந்து கிடந்தது. வளைந்து கொடுக்காத பிள்ளைக்கு வளைந்து கொடுத்த தகப்பன் என்று தனக்கே தன்னைத் தெரிந்துவிடும் என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நாலு சுவருக்குள்ளே என்றாலும் அந்த நாலு சுவருக்குள்தானே அவர் இருக்கிறார்.

"சொன்னது சொன்னதுதான்" என்றார்.

வங்கிக்காரம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனபோது மகள் முதல் முறையாகப் பேசினாள்.

"அம்மா, உங்க கடைல தட்டு கழுவ ஆள் வேணுமா?"

வங்கிக்காரம்மா சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னம்மா சொல்ற?"

"அடுப்பைத்தான் தொடக்கூடாது. கழுவுற தொட்டிக்குச் சட்டம் எதுவும் கிடையாது. வேணும்னா அப்பாவையே கேளுங்க."

மூத்தவர் மனதுக்குள் தேடிப் பார்த்தார். உண்மைதான், கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளை ஊரார் எச்சில் தட்டில் கை வைக்கும் என்று அப்பா நினைத்திருந்தால்தானே அதற்கொரு சட்டம் வைத்திருப்பார். அவளை நிறுத்துவதற்கு வழி ஒன்றுதான் இருந்தது, அடுப்புக்கு அழைப்பது. அவர் எழுந்து, குடிக்காமல் விட்ட தேநீரை ஜன்னல் வழியாகக் கொட்டினார். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வங்கிக்காரம்மாவுடன் இறங்கிப் போனாள்.

அந்த வங்கியில் முன்பு பணம் கட்டுகிற ஜன்னல்கள் தெருவைப் பார்த்து இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அகலமாகக் கண்ணாடி போட்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம்தான் ஓடியது. அதனால் கழுவுகிற தொட்டியும் அங்கேதான். வங்கிக்காரம்மா வேண்டுமென்று செய்யவில்லை. மகளும் வேறு இடம் கேட்கவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை அவள் அங்கே நின்று, மிச்சம் மீதியை வழித்துப் போட்டுத் தட்டுத் தட்டாகத் தேய்த்தாள். கல் பாவிய தெருவில் கைகோத்து நடக்கிறவர்களும் மரம் நட்ட தொட்டிகளின் விளிம்பில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறவர்களும் அவளைப் பார்த்தார்கள். மூத்தவர் வீட்டிலிருந்து ஓட்டலுக்குப் போவதற்கு அந்த வழிதான். பின்சந்து ஒன்று உண்டு. அவர் அதில் போகவில்லை. பயந்து சந்தில் போகிறவர் இல்லை அவர்.

ஒரு நாள் கண்ணாடிக்கு எதிரே பழைய வாடிக்கைக்காரரான கோர்ட்டு குமாஸ்தா நின்றுகொண்டிருந்தார். தெரு செத்துக் கிடந்த காலத்தில் தினமும் வந்து சாப்பிட்ட மனிதர். மூத்தவரைக் கண்டதும் சங்கடப்பட்டார். நகரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கடைசியில் தணிந்த குரலில் கேட்டுவிட்டார்.

"என்னங்க, அது உங்க பொண்ணு மாதிரி இருக்கே?"

மூத்தவர் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளும் நிமிர்ந்து பார்த்தாள். முழங்கைவரை சோப்பு நுரை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முதலில் கண்ணை எடுக்கவில்லை.

"மாதிரி என்ன மாதிரி? என் பொண்ணுதான்" என்றார் மூத்தவர். "நல்லா பாருங்க. தட்டுல ஒரு கறை இருக்காது."

சொல்லிவிட்டு ஓட்டலைப் பார்த்து நடந்தார். முதுகு எப்போதும்போல் நேராக இருந்தது.